சகரியாவின் வாய் ஏன் அடைபட்டது?

ஐயா,

பைபிளில் லூக்கா முதல் அதிகாரம் வாசிக்கும்போதெல்லாம் ஓர் உறுத்தல். பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் காபிரியேல் சொன்னதும் வயதான ஆசாரியர் சகரியா 'இதை நான் எதினால் அறிவேன்' என்கிறார், ஊமையாகிவிடுகிறார். மரியாளும் 'இது எப்படியாகும்' என்றுதான் கேட்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சபையில் கேட்டால் அவருக்கு விசுவாசம் இல்லை, இவளுக்கு இருந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அப்புறம், மரியாளின் புருஷன் யோசேப்பிடம் வந்ததும் காபிரியேல்தானே?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

சபையில் சொன்னது தப்பில்லை, 'நீ என் வார்த்தைகளை நம்பவில்லை' என்று தூதனே சொல்கிறான். ஆனால் அதோடு விட்டால் உங்கள் உறுத்தல் தீராது, ஏனென்றால் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் இதைவிட மோசமாக நம்பாதவர்கள் இருக்கிறார்கள். நூறு வயதுக்காரனுக்குப் பிள்ளையா என்று ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தார். சாராள் கூடாரவாசலில் நின்று உள்ளுக்குள் சிரித்துவிட்டு, சிரிக்கவே இல்லை என்று பொய் வேறு சொன்னாள். 'இல்லை, நீ நகைத்தாய்' என்ற ஒரே வரியோடு கர்த்தர் விட்டுவிட்டார், பிள்ளைக்கும் சிரிப்பிலிருந்தே ஈசாக்கு என்று பேர் வந்தது.

இன்னொன்று பாருங்கள். தேசத்தைச் சுதந்தரிப்பாய் என்று சொல்லப்பட்டபோது ஆபிராம் (ஆபிரகாமின் பழைய பேர்) 'எதினால் அறிவேன்' என்று கேட்கிறார், ஆதியாகமம் 15:8. நீங்கள் மேற்கோள் காட்டிய சகரியாவின் வாக்கியம் அதேதான். தமிழில் மட்டும் நேர்ந்த ஒற்றுமை இல்லை இது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆபிராம் சொல்லும் சொற்களையே லூக்கா எடுத்து சகரியா வாயில் வைத்திருக்கிறார்.

சிக்கலே அங்கேதான் என்று நினைக்கிறேன். கிழவர், பிள்ளையில்லாத மனைவி, தேவன் தரும் மகன்: இந்தக் கதையை வாழ்நாள் முழுக்க ஓதிய ஆசாரியர், தானே அந்தக் கதைக்குள் தூபபீடத்தருகே நின்றுகொண்டு, ஆதாரம் கேட்கிறார். சாராள், அன்னாள், பைபிள் பேர்கூடச் சொல்லாத சிம்சோனின் அம்மா என்று அவருக்கு எத்தனை முன்கதை! மரியாளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'புருஷனை அறியேனே' என்பது நடக்கப்போவதைப் பற்றி விவரம் கேட்பது, அவ்வளவுதான்.

சரி, கேட்ட ஆதாரம் கிடைத்ததா? கிடைத்தது, அவர் தொண்டையிலேயே. ஜனங்கள் வெளியே காத்திருக்க, வந்தவர் சைகை காட்டிக்கொண்டு நிற்கிறார். (பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது மற்றவர்களும் அவரிடம் சைகையில்தான் கேட்கிறார்கள், காதும் போயிருந்ததோ என்னவோ.)

மரியாள் ஆதாரம் கேட்கவில்லை, ஆனாலும் தூதன் ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறான்: உன் உறவுக்காரி எலிசபெத்துக்கு (சகரியாவின் மனைவிதான்) இது ஆறாம் மாதம். அதனால்தான் மலைநாட்டுக்கு அவ்வளவு வேகமாகப் போகிறாள். ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்குகிறாள். அந்த வீட்டில் பேச வேண்டிய ஆசாரியர் வாய் அடைத்து உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்கள் பேசுகிறார்கள், ஒருத்தி பாடவும் செய்கிறாள். லூக்கா இதைச் சிரிக்காமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

யோசேப்பு விஷயம்: மத்தேயு பேர் சொல்லவில்லை, சொப்பனத்தில் வந்த கர்த்தருடைய தூதன், அவ்வளவே. காபிரியேல் என்ற பேர் தானியேலிலும் லூக்காவிலும் மட்டும்தான் வருகிறது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் இரண்டு வேஷத்தையும் ஒரே பையனுக்குக் கொடுத்துவிடுகிறோம் இல்லையா, அதில் வந்த குழப்பம்.