அகழாய்வுக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: பாதுகாக்கப்பட்ட கிராமப்புற நிலப்பரப்பில் தொல்லியல் ஆய்வைத் திட்டமிடுவோர், அகழாய்வைக் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

பதில்: கலைத்துவிட்ட மண்ணடுக்கை மீண்டும் பழையபடி அமைக்க எவராலும் இயலாது. அதனால்தான் 1992-இல் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவில் கையெழுத்தான ஐரோப்பியத் தொல்லியல் மரபுப் பாதுகாப்பு ஒப்பந்தமும், சிதைக்காத முறைகளையே இயன்றவரை கையாளச் சொல்கிறது. பழைய வரைபடங்களையும் நில ஆவணங்களையும் படித்து, வானிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சித் தரையின் மேடுபள்ளங்களை அளக்கும் லைடார் முறையால் மரங்களுக்கடியில் மறைந்த வரப்புகளையும் மேடுகளையும் கண்டறிந்து, மண்ணின் காந்தத்தன்மை இடத்துக்கிடம் மாறுவதைக் காட்டும் காந்த அளவீட்டால் புதைந்த அகழிகளையும் உலைகளையும் ஊகித்த பிறகு, விடை கிடைக்காத கேள்விக்கு மட்டும் சிறு குழி தோண்டினால் போதும். உழவாலும் மண்ணரிப்பாலும் அழிந்துகொண்டிருக்கும் இடங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. களப்பணிக்குப் பறவைகள் கூடுகட்டும் காலத்தைத் தவிர்க்க வேண்டும். அங்கே உழுது வாழ்பவர்களைத் திட்டம் எழுதும்போதே கலந்தாலோசிக்க வேண்டும். எந்த வயலில் பானை ஓடுகள் மேலெழுகின்றன என்பதை அவர்களே நன்கு அறிவார்கள்.