இரண்டரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை: பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் மழலையர் வகுப்புப் பையன் நாலைந்து சொல்தான் பேசுகிறான், பெற்றோரோ "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்கிறார்கள், இல்லையா? நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள்; அது மருத்துவர் வேலை, சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ஒரு வாரம் பார்த்ததைத் தேதியோடு குறியுங்கள்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா. பிறகு தனியாக உட்கார்ந்து, "வீட்ல எப்படி இருக்கான்?" என்று தொடங்குங்கள்.

முதலில் செவித்திறன் சோதனை மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதை மறுப்பவர்கள் குறைவு. சிலர் மட்டும் "கதவு சத்தத்துக்குத் திரும்புறானே" என்பார்கள். அது போதாது என்று விளக்குங்கள்: நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பலத்த சத்தம் கேட்கும், மெல்லிய பேச்சொலி நழுவிவிடும். இரண்டு வயதிலேயே இரு சொல் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். முன்பு பேசிய சொற்கள் மறைந்திருந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.