என் காசு எங்கே போச்சு?

கேள்வி: முப்பது வருஷம் சம்பளத்துல பென்ஷனுக்குன்னு பிடிச்சாங்க. ரிட்டயர் ஆனதும் பெருசுங்களால நாட்டுக்கே சுமைன்னு டிவில பேசுறாங்க. என் காசைத்தானே கேக்குறேன்?

பதில்: கோவம் நியாயம்தான் சார். ஆனா பல நாடுகள்ல அப்படிப் பிடிச்ச காசை யாரும் உங்க பேர் எழுதிப் பெட்டில பூட்டி வைக்கல, அன்னிக்கு வயசானவங்களுக்கு அன்னிக்கே குடுத்து முடிஞ்சுது, இன்னிக்கு உங்களுக்கு வர்றது இப்போ வேலைக்குப் போற பசங்க கட்டுறது. இது ஓடணும்னா பின்னாடி ஆள் வந்துக்கிட்டே இருக்கணும்ல, அங்கதான் இடிக்குது. 1889-ல ஜெர்மனில அப்போ ஆட்சியை நடத்தின சான்சலர் பிஸ்மார்க் முதியோர் பென்ஷன் கொண்டுவந்தப்போ வயசு வரம்பு 70, அதைத் தொட்டவங்களே கம்மி. இப்போ எண்பது தாண்டுறது சகஜம். குழந்தையோ குறைஞ்சுபோச்சு, ஜனத்தொகை அப்படியே நிக்க ஒரு பொண்ணுக்கு சராசரியா 2.1 வேணும், தென்கொரியால 2023-ல 0.72 தான். அதுவும் வேகம் பாருங்க, 65 தாண்டினவங்க 7 சதவீதத்துலேர்ந்து 14 ஆக பிரான்ஸுக்கு 115 வருஷம் ஆச்சு, ஜப்பானுக்கு வெறும் 24. நீங்க நீண்ட நாள் இருக்கிறது தப்பா என்ன, இது வரும்னு தெரிஞ்சும் கணக்கைத் திருத்தாம விட்டாங்களே அதைக் கேளுங்க.

கேள்வி: அம்மா படுத்த படுக்கை. நான்தான் வேலைய விட்டுட்டுப் பாக்குறேன். அண்ணன் மாசாமாசம் பணம் அனுப்பிட்டு கடமை முடிஞ்சுதுங்கிறான். எனக்குன்னு ஏதாவது கேட்டா நான் பேராசைக்காரியா?

பதில்: இல்லம்மா. படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும், ராத்திரியும்தான், அலாரம் வெச்சு எழுந்து இருட்டுல தடவி டயப்பர் மாத்துற வேலைக்கு எந்த நாட்டு ஜிடிபிலயும் கணக்கு கிடையாது. உங்க சம்பளம் போச்சு, அது எல்லாருக்கும் தெரியும். உங்க பென்ஷனுக்குக் கட்ட வேண்டியதும் நின்னுபோச்சே, அதை யார் யோசிச்சா? பொம்பளைங்கதான் அதிக வருஷம் வாழுறோம், கடைசில கையில காசில்லாம நிக்கிறதும் நாமதான். ஜெர்மனில 1995-லேர்ந்து பராமரிப்புக்குன்னே தனி இன்சூரன்ஸ் இருக்கு, வீட்ல பாத்துக்கிறவங்களுக்காக அதுவே பென்ஷன் பங்கும் கட்டுது, சில நிபந்தனையோட. ஜப்பான்ல 2000-லேர்ந்து 40 வயசானா எல்லாரும் இதுக்குப் பிரீமியம் கட்டணும், குளிப்பாட்ட ஆள் வீட்டுக்கே வரும், ஆனா அந்த வேலைக்கு ஆள் கிடைக்கிறதுதான் இப்போ பெரும்பாடு. உங்க அண்ணன்கிட்ட ரெண்டு கேளுங்க. உங்க பேர்ல ஒரு சேமிப்புக் கணக்குல தனியா பணம் போடணும், மாசத்துல ஒரு வாரம் வந்து ராத்திரி டியூட்டி பாக்கணும். ரெண்டாவதுக்குத்தான் லீவ் இல்லம்பாரு, விடாதீங்க.

கேள்வி: இதுக்கெல்லாம் ரோபோ வந்துராதா?

பதில்: தூக்கிவிடுற மெஷின் வந்தாச்சு, முதுகு வலி குறையும். ஆனா அதுக்கு சார்ஜ் போட்டு, பெல்ட் மாட்டி, துடைச்சு வைக்க ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணுமே தம்பி, அது யாரு, உங்க அக்காவா?