இந்தோனேசிய மாணவர்கள் ஆங்கிலத்தில் 'ஹி', 'ஷி'யையும் இறந்தகாலத்தையும் ஏன் குழப்பிக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் தாய்மொழிப் பழக்கம்தான். இந்தோனேசிய மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் 'டியா' என்ற ஒரே சொல். வினைச்சொல்லும் காலத்துக்கேற்ப மாறாது. 'சாயா பெர்கி கெ பாசார் கெமாரின்' என்றால் நான் நேற்றுச் சந்தைக்குப் போனேன். கடைசிச் சொல்லை 'பேசோக்' என்று மாற்றினால் போதும், நாளைக்குப் போவேன். 'பெர்கி' அப்படியேதான் இருக்கும். அதனால் 'ஐ கோ எஸ்டர்டே' என்று எழுதுபவருக்கு அதில் பிழையே தென்படாது. நேற்று என்றுதான் சொல்லியாயிற்றே!

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது சிக்கல் வேறு. 'வி' என்ற சொல்லைப் பார்த்ததும் 'கித்தா'வா, 'காமி'யா என்று முடிவெடுத்தாக வேண்டும். நமக்கு இது புதிதல்ல: கித்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். 1945 ஆகஸ்ட் 17 அன்று சுகர்ணோ வாசித்த விடுதலைப் பிரகடனம் 'காமி பங்சா இந்தோனேசியா' என்றே தொடங்குகிறது. 'இந்தோனேசிய மக்களாகிய நாங்கள்' என்று உலகத்தை எதிரே நிறுத்திப் பேசும் தொனி அது. ஆங்கில 'வி'யில் இது காணாமல் போய்விடுகிறது. தமிழில் தானாகவே வந்துவிடும்.

இலக்கண விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் பெரிய பலன் இருக்காது. இரு மொழி வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டுவதே மேல் என்பது என் கருத்து.