குற்றாலம் போய்வந்த வேன் ஒழுகுகிறதா? பூசுவதற்கு முன்னால் தேடுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். குற்றாலம், மணப்பாடு என்று போய்வந்தாலே ஏதாவது ஒன்று கழன்றுவிடுகிறது. இப்போது கட்டிலுக்கு மேலே ஒழுகுகிறது, சிலிக்கான் பூசியும் நிற்கவில்லை. அலமாரிக் கதவு தொங்குகிறது, லைட் மங்கலாக எரிகிறது. எல்லாவற்றுக்கும் பட்டறைக்குப் போனால் கட்டுப்படியாகாது. நானே எதையெல்லாம் பார்க்கலாம் அண்ணாச்சி?"

நீங்கள் சொன்ன மூன்றையும் நீங்களே பார்க்கலாம் அண்ணாச்சி. முதலில் ஒழுகலைப் பாருங்கள். தொங்குகிற கதவு அடுத்த மாதம் வரை தொங்கட்டும், ஒன்றும் ஆகாது, ஆனால் கூரைக்குள் போன தண்ணீர் உள்பக்க பிளைவுட்டைச் சத்தமில்லாமல் ஊறவைத்துக்கொண்டே இருக்கும்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதானே பூசினீர்கள்? எல்லோரும் அங்கேதான் பூசுகிறார்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மேல் தகட்டுக்கும் உள்பக்க பிளைவுட்டுக்கும் நடுவில் இறங்கிய தண்ணீர் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி சாய்ந்த பக்கம் ஓடி, ஏதாவது பலகை இணைப்போ லைட்டுக்குப் போட்ட துளையோ கிடைத்த இடத்தில்தான் சொட்டும். அதனால் பூசுவதற்கு முன்னால் தேட வேண்டும். நல்ல வெயில் நாளில் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள், கூரை லைட்டைக் கழற்றி அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்க்க ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள், நீங்கள் வெளியே ஓஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக விடுங்கள். கீழேயிருந்து மேலே போக வேண்டும், இதுதான் முக்கியம். முதலில் பக்க ஜன்னல் ரப்பர், அப்புறம் பக்கச் சுவரும் கூரையும் சேருகிற இணைப்பு, கடைசியில் கூரை மேலே இருக்கிற காற்றுப்போக்கிச் சட்டம், சோலார் பேனல் மாட்டிய ஸ்க்ரூக்கள், வயர் இறங்குகிற துளை. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். மேலேயிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இணைப்பையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது. கார் கழுவும் பிரஷர் மெஷின் வேண்டாம், நல்ல இணைப்பிலும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

இடம் தெரிந்ததும் பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுங்கள். அதன் மேலே வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, பியூ சீலன்ட் (பாலியூரித்தேன் பசை) என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். பஸ் முன் கண்ணாடி ஒட்டுவதும் இந்த வகைப் பசைதான். குலுங்கினாலும் வெயிலில் தகடு விரிந்தாலும் கூடவே இழுபடும், மேலே பெயின்டும் பிடிக்கும். காற்றுப்போக்கிச் சட்டத்தைக் கழற்ற முடிந்தால் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து முடுக்குங்கள், வெறும் விளிம்பில் பூசுவதைவிட அது பல மடங்கு நிற்கும். சீலன்ட் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், பூசிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள். நம் ஊருக்கு இந்த வேலைக்கு ஏற்ற மாதம் புரட்டாசி. குற்றாலச் சாரல் முடிந்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கிடைக்கிற அந்த வெயிலை விட்டுவிட்டால் கார்த்திகை வரை பாத்திரம் வைத்துத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

கூரை பைபராக இருந்து விரிசல் விட்டிருந்தால் சீலன்ட் போதாது, பைபர் மேட்டும் (கண்ணாடி இழைப் பாய்) ரெசினும் (இறுகிக் கெட்டியாகிற பிசின்) போட வேண்டும். உவரி, மணப்பாடு பக்கம் பைபர் படகு பார்க்கிறவர்களுக்கு இது தினப்படி வேலை, அவர்களிடம் காட்டினால் நம்மைவிட நன்றாகப் போடுவார்கள். நீங்களே செய்வதானால் ஒன்று மட்டும்: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட், ஹார்டனர் இரண்டையும் ஒருநாளும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர்.

அலமாரிக் கதவு சின்ன வேலை. ஸ்க்ரூ துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியும் பெவிகாலும் வைத்து முடுக்குகிற வழக்கம் வீட்டு அலமாரிக்குச் சரி, ஓடுகிற வண்டியில் அடுத்த பயணத்திலேயே வெளியே வரும். பலகையில் ஊடுருவத் துளை போட்டு, நைலான் வளையம் உள்ள லாக் நட்டோடு போல்ட் போட்டுவிடுங்கள். பலகையைக் கட்டைவிரலால் அமுக்கினால் மெத்தென்று இருக்கிறதா, அப்படியானால் அது ஊறிப்போன பலகை, மாற்றத்தான் வேண்டும்.

லைட் மங்கலுக்கு வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை. சார்ஜ் ஏற்றி, எதையும் ஓட்டாமல் சில மணி நேரம் விட்டு அளந்தால், சாதாரண ஈய-அமில பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. பாதி சார்ஜில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும், ஊர் திரும்பிய அன்றே சார்ஜ் போட்டுவிடுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் லைட் மங்குகிறது என்றால் இணைப்பில்தான் கோளாறு. மணப்பாடு போய்வந்து கடல் உப்புக்காற்று பட்ட வண்டி என்பதால் எனக்குச் சந்தேகமே அதில்தான். பேட்டரி டெர்மினலில் (வயர் மாட்டுகிற முனை) பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் பாருங்கள். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்து (பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது), துடைத்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்டி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய வயர் இணைப்பு எங்கே இருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு லக் (வயர் முனையை அழுத்திப் பிடிக்கிற உலோகத் துண்டு) வைத்து அழுத்துங்கள். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறதே என்று 20 போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அப்புறம் எரிவது வயர்.

கடற்கரை போய்வந்தால் அடிப்பாகத்தையும் கழுவ வேண்டும். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவிப் பயனில்லை. வீட்டுக்கு வந்து தாமிரபரணித் தண்ணீரில் கழுவுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, கேஸ். சோப்புத் தண்ணீர் தடவி இணைப்பில் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், டியூப்பில் அச்சடித்த தேதியைப் பார்த்து, சுரக்ஷா டியூப்பானால் (உள்ளே கம்பி வலை வைத்த ரப்பர் கேஸ் டியூப்) 5 வருடத்துக்குள் மாற்றுவதும் உங்கள் வேலை. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வேலை யாருக்கும் வேண்டாம். ரெகுலேட்டரைப் பிரிப்பது, அப்படியே பிரேக், ஸ்டீயரிங், இவற்றில் கை வைக்காதீர்கள், அதற்குப் பட்டறைக்காரருக்குக் காசு கொடுங்கள். வாடை வந்தால் வால்வை மூடி, கதவைத் திறந்து, ஒரு சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-க்குப் போன் போடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும், அதனால்தான் அடுப்புப் பக்கம் தரையோடு ஒரு வென்ட் வைக்கிறார்கள். எலி வருகிறது என்று அதைத் துணி வைத்து அடைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டுக் கம்பி வலை அடியுங்கள்.