ஓடுகிறவனின் கூலி

அன்புள்ள அண்ணா,

நியூஜெர்சி எடிசனில் இருந்து எழுதுகிறேன். இங்கே வந்த நாளிலிருந்து நியூயார்க் ஜயண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகன். ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் அலுவலகத்தில் இந்தச் சண்டை வரும்: என்எஃப்எல் லீகில் புது வீரர்களை வரிசையாக எடுக்கிற டிராஃப்டில், முதல் பத்து இடங்களுக்குள் ஒரு ரன்னிங் பேக்கை, அதாவது பந்தைச் சுமந்து ஓடுகிறவனை, எடுக்கலாமா? 2018இல் நாங்கள் இரண்டாவது இடத்தை சேக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்குக்குக் கொடுத்தோம். அதே டிராஃப்டில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்குகள் ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும், லமார் ஜாக்சன் 32ஆவதாகவும் போனார்கள். கடைசியில் பார்க்லி பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போய் 2,005 யார்டு ஓடிக் கோப்பையும் வாங்கிவிட்டார். 2025இல் ரெய்டர்ஸ் அணியினர் ஆஷ்டன் ஜெண்டி என்ற ரன்னிங் பேக்கை ஆறாவதாக எடுத்தார்கள். என் கட்சி இதுதான்: ரன்னிங் பேக் காரின் டயர் மாதிரி. தேவைதான், ஆனால் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் போய் முதல் சுற்றை வீணாக்கக் கூடாது. நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டுகிற ஃபேன்டஸி ஆட்டத்தில்கூட, எறிகிற பந்தைப் பிடிக்கிற ரிசீவரைத்தான் முதலில் எடுக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு நாள் பதில் போடாமல் வைத்திருந்தேன். அந்த டயர் என்ற சொல்லைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது, கோபத்தோடு எழுத வேண்டாம் என்று பார்த்தேன். இப்போதும் முழுசாகப் போகவில்லை. ஆனால் இந்த விஷயத்தை நானே சில வருடங்களாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஃபேன்டஸி பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆலனை விட்டுவிட்டார்களே, ஜாக்சனை விட்டுவிட்டார்களே என்பதும் ஏழு வருடம் கழித்துச் சொல்ல எளிது. ஜாக்சனை எடுத்த பால்டிமோர் அணியே அன்று இரவு முதலில் வேறொருவரை எடுத்துவிட்டுத்தான் அவரிடம் வந்தது.

உங்கள் கணக்கு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அணியின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான கணக்குதான். விளையாட்டு தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட், எந்த அணி எடுக்கிறதோ அங்கேதான் ஆட வேண்டும். 2011இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாய் என்பதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது, களத்தில் என்ன வேலை செய்கிறாய் என்பது அல்ல. 2018இல் இரண்டாவது இடத்துக்கு நான்கு வருடத்துக்குச் சேர்த்து 3.1 கோடி டாலர். வெளிச்சந்தையில் ஒரு நல்ல குவாட்டர்பேக்குக்கு ஏறக்குறைய அதே பணம் ஒரே வருடத்தில் போய்விடும், ஆகவே அந்த இடத்தில் குவாட்டர்பேக்கை எடுத்தால் அணிக்கு மூன்று வருடம் இலவசம் மாதிரி. ரன்னிங் பேக்கை எடுத்தால் அப்படி மிச்சமே இல்லை, பெரும்பாலான மூத்த ஓட்டக்காரர்கள் வாங்குவதைவிட அதிகமான பணம் முதல் நாளே அவனுக்குப் போய்விடுகிறது. பார்த்த அணிகள் கையை இழுத்துக்கொண்டன. 2013, 2014, 2022, 2024 ஆகிய நான்கு டிராஃப்டுகளிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கின் பெயர்கூட வாசிக்கப்படவில்லை.

அவர்கள் பக்கம் இன்னொரு வாதமும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2018இல் ரன்னிங் பேக் டாட் கர்லிக்குப் பெரிய ஒப்பந்தம் போட்டது, அந்தப் பருவத்தின் முடிவிலேயே அவர் முழங்கால் மக்கர் செய்தது. அதே பருவத்தில் இரண்டு அணிகள் வேண்டாம் என்று அனுப்பிய சி.ஜே. ஆண்டர்சனை டிசம்பரில் கூட்டிவந்து ஆட விட்டார்கள், அவர் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் 167, 132 யார்டு ஓடினார். கர்லி கடைசியாக ஆடியபோது வயது 26. உங்கள் கட்சிக்காரர்கள் இந்தக் கதையை ஆண்டர்சனின் பெருமையாகச் சொல்வதில்லை, பார்த்தாயா யாரை வைத்தாலும் ஓடுகிறான் என்றுதான் சொல்கிறார்கள்.

யாரை வைத்தாலும் ஓடுகிறான். இந்த வாக்கியத்தை நான் டிவியில் கேட்பதற்கு முன்னால் அக்கா வீட்டுச் சமையலறையில் கேட்டிருக்கிறேன்.

2018இல் நான் நியூஜெர்சியில் அக்கா வீட்டில் சில மாதம் இருந்தேன். அக்கா மகன் அப்போது பதினொன்றாம் வகுப்பு, பள்ளி அணியில் ரன்னிங் பேக். எங்கள் குடும்பத்தில் பந்தைத் தொட்டவனே அவன் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து வருவான், ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் எதிர் நாற்காலியில் தூக்கி வைப்பான். அக்கா இட்லித் துணியில் ஐஸ் கட்டி முழங்காலில் வைத்துக் கட்டுவாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி தரையில் சின்னக் குளம் மாதிரி நிற்கும், அதைத் துடைக்கவும் அவளேதான். "இன்னைக்கு முப்பத்தோரு தடவ மாமா" என்று சொன்னான் ஒரு நாள், அவ்வளவு சந்தோஷமாக. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது முப்பத்தோரு தடவை, அத்தனை தடவையும் யாரோ ஒருவன் மேலே விழுந்திருக்கிறான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

பார்க்லியின் முதல் ஆட்டத்தை அவனோடுதான் பார்த்தேன். செப்டம்பர் 9, ஜாக்சன்வில் அணியோடு. நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பந்தப் பாக்காதீங்க மாமா, அவனுக்கு முன்னாடி நிக்கிற அஞ்சு பேரப் பாருங்க" என்றான். அந்த ஐந்து பேர் தள்ளித் திறந்துவிடுகிற சந்தில்தான் ஓட்டம் பிறக்கிறது, சந்து இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சுவரில் முட்டுவதுதான். ஜயண்ட்ஸிடம் அன்றைக்கு நல்ல முன்வரிசை இல்லை, குவாட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு 37 வயது. அப்படியும் நாலாவது கால் பகுதியில் பார்க்லி 68 யார்டு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினார், இவன் சோபாவிலிருந்து எழுந்து கூரையைத் தொட்டுவிடுகிற மாதிரி குதித்தான். ஆட்டத்தில் ஜயண்ட்ஸ் தோற்றது. அந்தப் பருவம் முழுக்க ஐந்தே வெற்றிதான். பார்க்லி ஓடியும் பந்தைப் பிடித்தும் எடுத்த 2,028 யார்டும் அந்த ஐந்துக்குள் அடங்கிப்போனது.

அடுத்த வருடம் அக்டோபரில் அக்கா மகனின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆபரேஷன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவன் இடத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆடினான், நன்றாகவே ஓடினான், அணி ஜெயித்தது. அன்று இரவு யாரோ ஒரு பெற்றோர் அக்காவிடம் ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார்: கவலைப்படாதீங்க, அந்த லைனுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் ஓடலாம். அக்கா அதை வீட்டில் வந்து சொன்னாள். அவன் அறைக்குள் போய்விட்டான். 2020 செப்டம்பரில் பார்க்லிக்கும் சிகாகோவில் அதே தசைநார் அறுந்தபோது, அவன் டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனான் என்று அக்கா போனில் சொன்னாள்.

இப்போது அவன் மாதிரிப் பையனின் பக்கம் நின்று கணக்குப் போடுங்கள் தம்பி. பள்ளி முடிந்து மூன்று வருடம் ஆகாமல் என்எஃப்எல்லுக்குள் நுழைய முடியாது. மொரிஸ் கிளாரெட் என்ற ரன்னிங் பேக் இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து 2004இல் மேல் கோர்ட்டில் தோற்றார், அந்தத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர். கிளாரெட் கடைசிவரை என்எஃப்எல்லில் ஒரு பருவ ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக அந்த மூன்று வருடம் கல்லூரிக்கு. பார்க்லி ஆடிய காலத்தில் கல்லூரி வீரன் தன் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது, அந்தத் தடை 2021இல்தான் விலகியது. அப்புறம் நான்கு வருடம் டிராஃப்ட் ஒப்பந்தம். முதல் சுற்றில் வந்தவனை ஐந்தாவது வருடமும் அணி தன் விருப்பப்படி பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆறாவது வருடம் ஃபிரான்சைஸ் டேக் என்ற முத்திரையைக் குத்தினால் வேறெங்கும் போக முடியாது. இருபத்தொரு வயதில் உள்ளே வந்த பார்க்லி இருபத்தேழு வயதில்தான் வெளியே வந்தார். அதற்குள் ஜயண்ட்ஸுக்காக 1,201 முறை பந்தைச் சுமந்து ஓடியிருந்தார். வாசல் திறக்கிற நேரத்தில், இருபத்தேழு ஆகிவிட்டது, கால் தேய்ந்துவிட்டது, எதற்குப் பணம் என்கிறார்கள். தேய வைத்தவர்களே சொல்கிறார்கள்.

2023இல் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்ட் என்று மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் முத்திரை குத்தினார்கள். ஜேக்கப்ஸ் அதற்கு முந்தைய பருவத்தில்தான் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர். அந்த ஜூலையில் ரன்னிங் பேக்குகள் ஸூமில் கூடிப் பேசினார்கள். எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் கிளீவ்லேண்டின் நிக் சப் வெளியே வந்து சொன்னது. இரண்டு மாதம் கழித்து பிட்ஸ்பர்க்கில் அவர் முழங்கால் மடங்கிய காட்சியை டிவிக்காரர்கள் மறுபடி காட்ட மாட்டோம் என்று விட்டுவிட்டார்கள். அவரும் உங்கள் 2018 டிராஃப்ட்தான், 35ஆவது இடம்.

இதனால்தான் சொல்கிறேன். ஓட்டக்காரனுக்கு முழங்கால் முழுசாக இருக்கும்போது, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நியாயமான கூலி கைக்கு வருவது டிராஃப்டில் முன்னால் எடுக்கப்படும்போதுதான். ஏழாவது சுற்றில் எடுத்தால் அதே நான்கு வருடம், அதே அடி, பணம் மட்டும் சொற்பம். வீண் என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்த வீணான பணம்தான் அவனுக்கு உரியது. அது உங்கள் பையிலிருந்தும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கி, கத்தித் தொண்டை கட்டி வீட்டுக்குப் போகிற நீங்கள் எப்போது முதலாளியின் கணக்குப்பிள்ளை ஆனீர்கள்? அந்தப் பையனை டயர் என்று எழுத எப்படிக் கை வந்தது? நீங்கள் நல்ல மனசுக்காரர், கடிதத்திலேயே தெரிகிறது. சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படிப் பேசுவதால் உங்களுக்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது, அவ்வளவுதான். உதறிவிடுங்கள்.

ஜெண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறாவது இடம் தகும். ஆனால் ரெய்டர்ஸ் முதலில் அவருக்கு முன்னால் நிற்கிற ஐந்து பேரைச் சரிசெய்திருக்க வேண்டும். பிலடெல்பியாவில் பார்க்லிக்கு வழி திறந்த ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர், பார்க்லி இரண்டாவதாகப் போன அதே டிராஃப்டில் 233ஆவதாகப் போனவர். ஜயண்ட்ஸ் பார்க்லியை எடுத்தது தப்பில்லை, அவருக்கு முன்னால் யாரையும் நிறுத்தாமல் ஆறு வருடம் ஓடவிட்டதுதான் தப்பு.

2024 பருவத்தின் கடைசி ஆட்டம் நினைவிருக்கும் உங்களுக்கு, எதிரே உங்கள் ஜயண்ட்ஸ்தான். இன்னும் 101 யார்டு ஓடினால் எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 யார்டு சாதனை போயிருக்கும். ஈகிள்ஸ் பார்க்லியை ஆட விடவில்லை, அடுத்து வரும் நாக்அவுட் ஆட்டங்களுக்காக ஓய்வு கொடுத்து உட்கார வைத்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அக்கா மகனைக் கூப்பிட்டு, இப்படிச் செய்துவிட்டார்களே என்றேன். அவன் சிரித்தான்.

"உக்கார வச்சாங்களே மாமா" என்றான்.