கோடு போட்டால் பட்டியல் ஆகிவிடாது

கேள்வி: ஆற்காட்டில் எங்க மாமாவின் ஸ்வீட் கடைக்கு வெப்சைட் செய்தேன். மக்கன் பேடாவில் ஆரம்பித்து எல்லா ஐட்டத்துக்கும் முன்னால் ஒரு சிறு கோடு (-), கடைசியில் அடுத்த வரிக்குப் போக பிஆர் (br) டேக். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண் தெரியாத வாடிக்கையாளர் ஒருவர், போன் படிக்கும்போது எல்லாம் ஒரே ஓட்டமாகப் போகிறது என்கிறார். என்ன செய்யலாம்? (வாசகர், ராணிப்பேட்டை)

அவர் சொல்வது சரிதான். கோடு நம் கண்ணுக்கு மட்டும்தான் பட்டியல், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் எழுத்து. பட்டியலுக்கான யுஎல் (ul) டேக் போட்டு ஒவ்வொரு ஐட்டத்தையும் எல்ஐ (li) டேக்குக்குள் வைத்தால் 'பட்டியல், 12 உருப்படிகள்' என்று முதலிலேயே சொல்லிவிடும், முழுக்கக் கேட்பதா தாண்டிப் போவதா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

எந்த டேக் என்பதற்கு ஒரே கேள்விதான்: வரிசையை மாற்றினால் அர்த்தம் கெடுமா? ஸ்வீட் பெயர்களை எப்படி மாற்றினாலும் ஒன்றுதான், அதனால் யுஎல். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, வேலூர் வந்து, ஆற்காடு பஸ் பிடித்து என்று கடைக்கு வழி சொன்னால் அது ஓஎல் (ol), அதாவது எண் போட்ட பட்டியல். எண்ணைக் கையால் அடிக்காதீர்கள், பிரவுசரே போடும். பெயருக்கு ஒரு விலை என்று ஜோடி ஜோடியாக இருந்தால் அதற்கென்றே உள்ள டிஎல் (dl) பட்டியல் பொருந்தும். ஆனால் கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்று மூன்று விலை இருந்தால் அது பட்டியலே இல்லை, டேபிள் (அட்டவணை). அதைப் பட்டியலுக்குள் திணித்தால் எந்த விலை எந்த எடைக்கு என்று கேட்பவருக்குப் புரியாது.

யுஎல்லுக்குள் நேராக டிவ் (div) டேக், தலைப்பு எதையும் வைக்காதீர்கள், எல்லாம் எல்ஐக்குள் போகட்டும். நெய் ஸ்வீட்டுக்குக் கீழே உள்பட்டியல் வேண்டுமென்றால் அதுவும் அந்த எல்ஐ மூடுவதற்கு முன்னால் வர வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

அப்புறம் புள்ளி பிடிக்கவில்லை என்பதற்காக யுஎல்லையே தூக்கி எறிய வேண்டாம், தோற்றத்தை அதற்கென்று தனியாக எழுதும் சிஎஸ்எஸ் (CSS) பார்த்துக்கொள்ளும். ஒரு சிக்கல் உண்டு: அதில் லிஸ்ட் ஸ்டைலை நன் (list-style: none) என்று வைத்தால் ஐபோனில் சஃபாரி பிரவுசரும் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடரும் சேர்ந்து அதைப் பட்டியல் என்றே சொல்லாமல் விட்டுவிடும். பக்கங்களுக்குப் போகும் இணைப்புகளை வைக்கும் நாவ் (nav) டேக்குக்குள் இருக்கும் மெனுவுக்கு இந்தப் பிரச்சினை வராது. மற்ற இடங்களில் யுஎல் டேக்கிலேயே ரோலை லிஸ்ட் (role="list") என்று எழுதிவிடுங்கள்.

சரி, சோதிப்பது எப்படி? விண்டோஸில் என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். போட்டுவிட்டு பக்கத்தைத் திறந்து எல் (L) கீயை அழுத்துங்கள், அடுத்த பட்டியலுக்குத் தாவும். டேபிளுக்கு டி (T) கீ. தாவவில்லை என்றால் டேக்கைத் திரும்பப் பாருங்கள்.